இறக்கிய தோள்

மாத்தளைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற அந்தச் சின்ன மடத்துக்கு வருகிறவர்கள் வந்த அன்றே சாமியிடம் மூன்று கேள்வியாவது கேட்டுவிடுவார்கள். புவனேந்திரன் வந்து ஏழு மாதமாகியும் ஒன்றும் கேட்டதில்லை. தண்ணீர் சுமந்தார். விறகு பிளந்தார். மற்ற நேரங்களில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நாட்டுக்காக முப்பத்தோரு ரக்பி ஆட்டங்கள் ஆடியவர் அவர். தலையும் கழுத்தும் ஒரே அகலம். காதுகள் இரண்டும் நசுங்கி, பிசைந்த மாவைப் பிய்த்து ஒட்டியதுபோல இருக்கும். சமையல் செய்யும் ராக்கம்மா உலையில் அரிசி போடும்போதெல்லாம், சீடர் ஒருத்தர்தான், வயிறு மூணு என்று சாமிக்குக் கேட்கும்படி சொல்லுவாள். சாமி சிரிப்பார். சாமிக்கு வயது முப்பத்தெட்டு, புவனேந்திரனைவிட ஒன்பது குறைவு. துறவுக்கு முன்னால் தபால்காரராக இருந்தவர். ஒட்டிய உடம்பு, மழைக்காலத்தில் இளைப்பும் உண்டு.

எட்டாவது மாதம் மலேசியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய ரக்பி கழகத்துக்குப் போய், அங்கே யாரோ முகவரியைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள். புவனேந்திரன் அதைப் படித்துவிட்டுத் துணிப்பையின் அடியில் வைத்தார். பதினோரு நாள் வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் எடுத்துக்கொண்டுபோய் சாமியின் முன்னால் வைத்தார்.

சிவநேசன் என்பவருடைய தங்கை பவானி எழுதியிருந்தாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மலேசியாவும் இலங்கையும் ஆடிய ஆட்டத்தில் அண்ணனுக்குக் கழுத்து முறிந்தது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் கிடக்கிறார். இப்போது சிறுநீரகமும் போய்விட்டது, அதிக நாள் இல்லை என்கிறார்கள். ஒரே ஒரு காரியம் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது. தன் கால் வழுக்கியதால்தான் அன்று எல்லாரும் விழுந்தார்கள், எதிரே நின்ற உங்களுக்கும் தோளில் அடிபட்டது, அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். மன்னித்துவிட்டதாக நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கீழே தொலைபேசி எண் இருந்தது.

"இதுக்கு நான் என்ன பதில் சொல்றது, சாமி?"

"மன்னிக்க மனசு வரலையா?"

"மன்னிக்கிற இடத்தில நான் இல்ல."

சாமி கடிதத்தை மடித்தார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். புவனேந்திரன் சொல்லிப் பார்த்தார். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ள வேண்டும். பந்தை நடுவில் உருட்டி விடுவார்கள். முன்வரிசையில் மும்மூன்று பேர். சாமிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"காட்டுங்க," என்றார்.

முற்றத்துக்கு வந்தார்கள். ராக்கம்மா காயவைத்திருந்த மிளகாய்ச் சுளகை அவசரமாக ஓரம் இழுத்தாள். பெரியையா மேலே சாய்ந்தால் சாமியைச் சுருட்டி எடுக்க ஒரு பாய் போதும், கொண்டுவந்து வைக்கட்டுமா என்று கேட்டாள். புவனேந்திரன் சிரிக்கவில்லை. சாமியைக் குனியச் சொல்லி, தானும் குனிந்து, தோளில் தோளைப் பொருத்தினார்.

இந்த இடத்தில் நிற்பவன் சிவநேசன் என்றார். நடு ஆள். இரண்டு கைகளையும் பக்கத்து ஆட்களின்மேல் போட்டுக் கோத்திருப்பான், விழுந்தால் கை ஊன்ற முடியாது. சாமி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இருவருடைய காதுகளும் உரசின.

"இவ்வளவு கிட்டவா?"

"மூச்சு விடுறதுகூட கேக்கும்."

"அப்போ அவர் ஏதாவது சொன்னாரா?"

பத்தொன்பது வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நடுவர் கேட்கவில்லை. விசாரித்தவர்களும் பத்திரிகைக்காரர்களும் கேட்கவில்லை. பிரிந்துபோன மனைவியும் கேட்கவில்லை. புவனேந்திரன் மண்ணைப் பார்த்தபடி இருந்தார். குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

"சொன்னார். 'இருங்க, இருங்க, கால் பதியல'ன்னார். தமிழ்ல."

"உங்ககிட்டயா?"

"இல்ல. பயத்தில வந்தது. யாருக்கும் விளங்கும்னு நினைச்சிருக்க மாட்டார். மத்தப் பதினஞ்சு பேர்ல அது எனக்கு மட்டும்தான் விளங்கிச்சு."

"நீங்க?"

"இதுதான் சமயம்னு தோளை இறக்கினேன்."

அதற்குப் பிறகு எல்லாமே கொட்டிக்கொண்டு வந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் மிச்சம், அவருடைய அணி ஒரு புள்ளி முன்னால். எதிரணி தள்ளிக்கொண்டே வந்தது. ஸ்க்ரம் சரிந்தால் மறுபடி கட்டி எழுப்புவதற்குள் நேரம் ஓடிவிடும். யார் சரித்தது என்று வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது, முன்வரிசைக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். பழி எதிரே விழும்படி தோளை இறக்குவது ஒரு வித்தை. அவர் அதை ஒரு வருடம் பழகியிருந்தார். எதிரே ஒருவனுக்குக் கால் தவறும் நொடி வேண்டும், அந்த நொடியை அவனே சொல்லிவிட்டான். நடுவர் அவர்கள்மேல்தான் குற்றம் சொன்னார். வென்றோம். அதற்குப் பிறகும் பதினான்கு ஆட்டம் ஆடினேன் என்றார்.

சாமி நிமிரவில்லை. குனிந்தபடியே ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கினார். பிறகு மற்றதையும் தளரவிட்டார். அவருடைய பாரம் முழுவதும் புவனேந்திரனின் தோளுக்கு வந்தது. தோள் அசையவில்லை.

வெயில் ஏறியது. ராக்கம்மா அடுப்பை விட்டு வாசலில் வந்து நின்றாள். சாமிக்கு இளைப்பு கேட்டது.

"பாரமா இருக்கா?"

"இல்ல, சாமி."

"எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

"சாமி இருன்னு சொல்லிக்கிட்டிருக்கிற வரைக்கும்."

"அவரும் இருங்கன்னுதானே சொன்னார்."

தோள் நடுங்கத் தொடங்கியது. சாமியைக் கீழே விடாமல், மெதுவாக நிறுத்திவிட்டு, புவனேந்திரன் மண்ணில் உட்கார்ந்தார்.

கடிதம் போய்ச் சேர நாளாகும், போய்ப் பேசுங்கள் என்றார் சாமி. மடத்தில் தொலைபேசி இல்லை. புவனேந்திரன் பஸ் நிலையத்துக் கடைக்கு இறங்கிப் போனார். ஆறு கிலோமீட்டர். பிற்பகல் திரும்பி வந்தபோது ராக்கம்மா சோற்றைப் போட்டு வைத்திருந்தாள். அதைத் தாண்டிப்போய் சாமியின் எதிரே உட்கார்ந்தார்.

சிவநேசன் நான்கு நாளைக்கு முன்னாலேயே போய்விட்டார்.

பவானிதான் பேசினாள். அண்ணன் ஒவ்வொரு நாளும் பதில் வந்ததா என்று கேட்டாராம். பிறகு, அவர் மன்னிக்க மாட்டார், அது நியாயந்தான் என்று சொல்லிவிட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டாராம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது அவள் வேலை. இப்போதும் அந்தந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்துபோய்க் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் அண்ணே என்றாள். கடைசியில் ஒன்று கேட்டாள். இப்போதாவது சொல்லுங்கள், எங்கள் அண்ணனை மன்னித்துவிட்டீர்கள்தானே?

"என்ன சொன்னீங்க?" என்றார் சாமி.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்."

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அழுதாங்க. நன்றி சொன்னாங்க, சாமி. எனக்கு."

உள்ளேயிருந்து சோறு ஆறுகிறது என்று ராக்கம்மாவின் குரல் வந்தது.

"கேட்க வேண்டியவர் போயிட்டார். இனி நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"அவர் தங்கச்சிகிட்ட."

"இப்பத்தான் அவங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. அதையும் எடுக்கிறதா? நன்றி சொன்ன வாயாலயே என்னைச் சபிப்பாங்க, சாமி."

"பத்தொன்பது வருஷம் ரெண்டு மணிக்கொரு தரம் எழும்பினவங்க," என்றார் சாமி. "சபிக்கிறதுக்கு அவங்களுக்கு ஒரு ஆள் வேணாமா?"