ஞானப்பிரகாசம் தேடிப் பிடிச்ச லைப்ரரி

எங்க ஞானப்பிரகாசம் அண்ணன் பொய்யே சொல்ல மாட்டாருங்க. உண்மைக்குக் கொஞ்சம் யூரியா போட்டு வளர்ப்பாரு, அவ்வளவுதான்.

கோயமுத்தூர் கணபதியில எங்க கம்பெனி. நூல் மில்லு மெஷினுக்குக் கன்ட்ரோலர் செய்யறோம். அதுக்குள்ள ஒரு குட்டி போர்டு, அதுல லினக்ஸ் ஓடும். போர்டு தம்மாத்தூண்டு, அதுலயே வெச்சுப் புரோகிராம் செய்ய முடியாது. பெரிய கம்ப்யூட்டர்ல செஞ்சு அதுல ஏத்தணும். அன்னிக்கு அந்த வேலை மேகலா தலையில விழுந்துச்சு. புள்ள வந்து ஆறு மாசம்தான் ஆகுது. மூணு மணிக்கு வண்டி உடுமலைக்குக் கிளம்பணும், அதுக்குள்ள கன்ட்ரோலர் ஓடலைன்னா வேலை நிரந்தரமாகாதுன்னு மேனேஜர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. ஓடுனாலும் "இந்தப் பொண்ணு தேறும்"னு கையெழுத்துப் போட வேண்டியவரு நம்ம அண்ணன். அவரோ "இன்னும் பக்குவம் வரலீங்க"ன்னு ரெண்டு வாரமா இழுத்துட்டு இருந்தாரு.

மணி ரெண்டு. ஸ்கிரீன்ல அதே வரி எட்டாவது தடவையா வந்துச்சு: லைப்ரரி காணோம். புஸ்தக லைப்ரரி இல்லீங்க, புரோகிராம் ஓடறதுக்குத் துணையா வேணுங்கற ஒரு ஃபைலுக்குத்தான் அந்தப் பேரு.

"போர்டுக்குன்னு இருக்கற ஃபோல்டர்ல நானேதாங்க அதை வெச்சேன். கண்ணு முன்னாடி இருக்கறதை இல்லைங்குது!" மேகலா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. பக்கத்து மேசையில சால்டரிங் பண்ணிட்டிருந்த எனக்கே பாவமாப் போச்சு.

அண்ணன் டீ டம்ளரோட வந்து சேரை இழுத்துப் போட்டாரு. "இதுக்குப் போயி கண்ணைக் கசக்கறியா கண்ணு? எனக்கும் ஒருக்கா இப்படித்தான் காணோம்னுச்சு. ஸ்கிரீனை ஒரு மொறை மொறைச்சேன். 'மன்னிச்சுக்கோங்க சார், இங்கதான் இருக்குது'ன்னு அடுத்த வரியிலயே போட்டுருச்சு."

கன்ட்ரோலர் பெட்டிக்காகக் காத்துட்டிருந்த வண்டி டிரைவர் இப்ராகிம் பாய் நிமிந்து பாத்தாரு. "சார்னேவா போட்டுச்சு?"

"பின்ன? என் சர்வீஸ் என்னன்னு அதுக்குத் தெரியாதா பாய்?"

மேகலா பில்டு ஸ்கிரிப்ட்டை, அதாவது எதை எங்கிருந்து எடுத்துப் புரோகிராமைச் சேக்கணும்னு சொல்ற கட்டளை ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாப் படிச்சிட்டிருந்தா.

"அது கெடக்குது. இன்னொருக்கா ஒரு லைப்ரரி நெஜமாவே இல்ல. நான் எழுதின ஸ்கிரிப்ட் சும்மா விடுமா? ஆபீஸ் கம்ப்யூட்டர் பூராத் தேடிட்டு, கரண்டு கம்பியிலயே ஏறி ஊருக்குள்ள போயிருச்சு. வடவள்ளியில ஒரு வீட்டு வாசிங் மிசினுக்குள்ள கண்டுபிடிச்சு, அங்கிருந்தே உருவிட்டு வந்துருச்சு. பாவம், அந்த வீட்டு வேட்டி பாதித் தொவையலோட நின்னு போச்சு. நானே பஸ் ஏறிப் போயி மிச்சத்தைப் புழிஞ்சு காயப் போட்டுட்டு வந்தேன். மனுசாபிமானம்னு ஒண்ணு இருக்குதல்ல?"

"வேட்டிக்கு நீலம் போட்டீங்களாண்ணா?" நான்தான் கேட்டேன்.

"கிண்டலா? இதையுங் கேளு. ஒருக்கா பூமியிலயே அந்த லைப்ரரி இல்ல. ஸ்கிரிப்ட் மேல போயி ஒரு சேட்டிலைட்ல இருந்து எடுத்துட்டு வந்துச்சு. கனம் கொறைஞ்ச சேட்டிலைட்டு அது பாட்டுக்கு நிலாப் பக்கம் நவுந்துருச்சு. அப்புறம் நான்தான் இங்கிருந்தே ஒரு காலி ஃபைலை அதுல ஏத்தி, கனம் சேத்து, பழைய எடத்துல நிறுத்தினேன்."

"காலி ஃபைலுக்கு ஏதுண்ணா கனம்?"

"என் பேரு வெச்ச ஃபைலு தம்பி!"

"கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க"ன்னு பாய் எந்திரிச்சாரு. "மணி ரெண்டரை. பெட்டி வருமா, வராதா?"

அப்பத்தான் மேகலா தலையத் தூக்கினா. "அண்ணா, இந்த ஸ்கிரிப்ட் நீங்க எழுதினதுங்களா?"

"ஆறு வருசத்துக்கு முன்னாடி! இன்னிக்கு வரைக்கும் ஒரு எழுத்தை மாத்தினதில்ல."

"லைப்ரரியத் தேடற எடம்னு ஒரே ஒரு ஃபோல்டரைப் போட்டு வெச்சிருக்கீங்க. போர்டு ஃபோல்டர் இல்லீங்க. உங்க கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல இருக்கற ஃபோல்டர்."

"அந்தக் கம்ப்யூட்டரைத்தான் போன மாசம் எடைக்குப் போட்டாச்சே"ன்னேன். அண்ணன் காலி டம்ளர்ல இல்லாத டீயைக் குடிச்சாரு.

மேகலா அந்த ஒரு வரியில போர்டு ஃபோல்டரைப் போட்டு மறுபடி ஓட்டினா. லைப்ரரி இருக்குதுன்னு வந்துச்சு. புரோகிராமை போர்டுல ஏத்தினா. பச்சை லைட்டு எரிஞ்சு, கன்ட்ரோலர் ஓட ஆரம்பிச்சுது. பாய் பெட்டியைத் தூக்கித் தோள்ல வெச்சாரு. எனக்குக் கை தட்டணும்போல இருந்துச்சு.

அண்ணன் அசருவாரா? "சபாஷ் கண்ணு! வேணும்னேதான் அப்படி எழுதி வெச்சேன். அது உனக்கு வெச்ச பரீட்சை. இதைக் கண்டுபிடிக்கறவங்கதான் இந்த வேலைக்கு லாயக்குன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"ஆறு வருசத்துக்கு முன்னாடி நான் பன்னெண்டாவது படிச்சிட்டிருந்தேனுங்க."

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும்."

மேகலா பேனா மூடியைத் திறந்து அவர் கையில குடுத்தா.

"அப்ப பாஸாயிட்டேனுங்கண்ணா. கையெழுத்தைப் போடுங்க."