தந்திக்காரரின் ஸ்க்ரூடிரைவர்

தேவசகாயம் முப்பது வருஷம் தந்தி அடித்தவர். ஓய்வு பெற்றபின், அந்தக் கால வீட்டுக் கணினிகளைப் பழுது பார்க்கும் நசீமாவிடம் வேலை கற்க வந்தார். குருவைவிடச் சீடருக்கு இரண்டு மடங்கு வயது. அதில் அவருக்கு வெட்கம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

அன்று புஷ்பராணி ஒரு பிளாப்பி டிஸ்க்கோடு வந்திருந்தாள். அவளுடைய அப்பா குமரிக் கடலோரமெல்லாம் அலைந்து சேர்த்த ஆயிரத்துச் சொச்சம் மீன் பெயர்கள் அதில் இருந்தன. வேறு பிரதி கிடையாது. அதைப் படிக்கக்கூடிய டிஸ்க் டிரைவும் நசீமாவின் கடையில் ஒன்றே ஒன்றுதான்.

கணினி, டிரைவ், பிரிண்டர் மூன்றையும் ஒரே கேபிள் தடத்தில் கோத்து, பிளாப்பியைப் படிக்கக் கட்டளை தட்டிவிட்டு தேவசகாயம் காலையிலிருந்து காத்திருந்தார். ஓர் அசைவும் இல்லை. மதியம் நசீமா உள்ளே வந்தபோது அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

“டிரைவ் போச்சு டீச்சர். கம்ப்யூட்டர் கூப்பிடுது, ‘தயார்’னு பதில் வரல்ல. திறந்து பாத்திரலாம்.”

புஷ்பராணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அந்தப் பதிலை யார் அடிக்கணும் சார்?” என்றாள் நசீமா.

“டிரைவ்தான். தந்தியில வாங்குற ஆளுதானே பதில் அடிக்கணும்?”

நசீமா ஒரு பலகையில் இருந்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே ரப்பர் பேண்டை மாட்டினாள். தேவசகாயத்தையும் புஷ்பராணியையும் அதை விரலால் அமுக்கச் சொன்னாள்.

“இப்ப நீங்க விடுங்க சார்.”

விட்டார். ரப்பர் மேலே வரவில்லை.

“தூக்கிவிடட்டுமா?”

“கேபிள்ல ‘தயார்’ சொல்ற கம்பியும் இப்படித்தான் சார், தூக்க யாருக்கும் வழி கிடையாது. அமுக்கலாம், விடலாம். அவ்வளவுதான்.”

புஷ்பராணி தானாகவே விரலை எடுத்தாள். ரப்பர் எழும்பியது.

தேவசகாயம் கணினியிலிருந்து கேபிளைத் தடவிக்கொண்டே போனார். கடைசியில் இருந்தது பிரிண்டர்.

“இதை நான் ஆன் பண்ணவே இல்லையே. இது எப்படிப் பேசும்?”

“பேசுதான்னு நான் கேக்கல்ல. அமுக்குதான்னு பாருங்க.”

பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கட்டளையை மறுபடி தட்டினார். டிரைவ் உறுமியது. திரையில் சாளை, நெத்திலி, அயிலை என்று வரிசை இறங்கியது. புஷ்பராணி ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தாள்.

தேவசகாயம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“டிரைவ் எப்பத் தயாராச்சு டீச்சர்?”

“அது காலையிலேயே கையை எடுத்துட்டுது, சார்.”