பதினொரு குரல் கற்ற மந்தி

அடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு மருதமரம். அதன் உச்சிக் கவட்டில் சாம்பி என்ற மந்தி எந்நேரமும் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பயப்படுவதுதான் அவளுடைய வேலை.

கீழே புள்ளிமான்கள் தண்ணீர் குடிக்கும். நடுக்கிளைகளில் அவளுடைய கூட்டம் இலை தின்னும். ஆபத்து எந்தப் பக்கம் வந்தாலும் முதலில் பார்த்துக் கத்த வேண்டியவள் சாம்பி. அவளிடம் இரண்டு குரல்கள் இருந்தன. சிறுத்தை வந்தால் "கர்ரக்!" என்பாள். மந்திகள் விறுவிறுவென்று மேலே ஏறும். மான்கள் திறந்த வெளிக்கு ஓடும். வானத்தில் ராசாளி வந்தால் "கிய்யோ!" என்பாள். மந்திகள் பொத்துப் பொத்தென்று கீழே குதித்துக் பக்கத்தில் இருந்த முள் நிறைந்த காரைப்புதருக்குள் நுழையும். மான்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒன்று மேலே, ஒன்று கீழே. அவ்வளவுதான். சாம்பியின் கைக்குழந்தை கொழுந்து கூட அந்த இரண்டு குரல்களை நம்பித்தான் கிளைக்குக் கிளை தாவி விளையாடியது.

அந்த உச்சிக் கவட்டை யாரும் சாம்பிக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. இரண்டு முறை விழுந்து, ஒரு விரல் ஒடிந்து, மூன்று பேரைக் கடித்துப் பிடித்த இடம் அது.

அந்தக் கோடையில் செந்நாய்கள் வந்தன.

சாம்பி பார்த்தாள். ஏழெட்டு இருக்கும். சிவந்த முதுகுகள் புல்லுக்குள் ஓடி வந்தன. அவற்றுக்கு என்ன குரல்? அவளுக்குத் தெரியவில்லை. பதறிப்போய் "கர்ரக்!" என்றாள். மான்கள் வழக்கம்போலத் திறந்த வெளிக்கு ஓடின. செந்நாய்களுக்கு அதைவிட வசதியான இடம் வேறு உண்டா? ஒரு மான்குட்டி திரும்பி வரவில்லை.

மான் கூட்டத்தின் தலைவி செம்புள்ளி மரத்தடிக்கு வந்து நின்றது.

"மேல உட்கார்ந்து என்னத்தைப் பாத்தே?"

"பாத்தேன் அக்கா! ஆனா அதுக்குக் குரல் தெரியலை!"

"தெரியாதவளுக்கு எதுக்கு உச்சிக் கிளை?"

பக்கத்துக் கிளையில் இருந்த கரிச்சான் குருவி தன் இரட்டை வாலை ஆட்டிச் சிரித்தது. "எனக்குத் தெரியுமே! 'குப்! குப்!' மலைக்கு அந்தப் பக்கத்து மான்கள் இதைக் கேட்டா உடனே தண்ணிக்குள்ள இறங்கிடும். செந்நாய் கரையிலேயே நின்னு பார்த்துட்டுப் போயிடும்."

"அப்போ கரிச்சானையே காவலுக்கு வெச்சுக்கலாமே!" என்றது ஒரு மான்.

சாம்பி உச்சிக் கவட்டை இறுக்கிப் பிடித்தாள். இடம் போனால் போகட்டும் என்று விட அவளுக்குத் தெரியாது. மான்கள் போனதும் கரிச்சானைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் குரலை எனக்குச் சொல்லிக் குடு!"

"சும்மாவா? நீ கிளையை உலுக்கு. பூச்சி பறக்கும். நான் பிடிச்சுத் தின்னுக்கறேன். காலையில ஆரம்பிச்சா பொழுது சாயுற வரைக்கும் உலுக்கணும்."

"ஏன், நான் என்ன உன் வீட்டு வேலைக்காரியா? உச்சி வெயில்ல எல்லாரும் படுக்குறாங்கல்ல, அந்த நேரம் மட்டும் உலுக்குறேன். ஆகும்னா சொல்லு. இல்லேன்னா மலைக்கு அந்தப் பக்கமே போய்ப் பூச்சி பிடி!"

கரிச்சான் தலையைச் சாய்த்து யோசித்தது. "சரி சரி, கோவிச்சுக்காதே தாயி."

நல்ல பேரம் முடித்தோம் என்று சாம்பி நினைத்தாள். விட்டுக்கொடுத்தது தன் தூக்கத்தை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

நாலு நாளில் அந்தக் குரல் வந்துவிட்டது. மறுவாரம் செந்நாய்கள் திரும்பி வந்தன. "குப்! குப்!" என்றாள் சாம்பி. மான்கள் அத்தனையும் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றன. செந்நாய்கள் கரையில் நின்று ஊளையிட்டுவிட்டுப் போயின.

"சபாஷ்!" என்றது செம்புள்ளி.

அங்கேயே நிறுத்திக் கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கலாம். பயம் விடவில்லை. நாளைக்குக் கரடி வந்தால்? மலைப்பாம்பு வந்தால்? வலையோடு மனிதர்கள் வந்தால்? 'எனக்கு மூணு. கரிச்சானுக்கு இன்னும் எட்டு இருக்கே!'

உச்சி வெயிலில் காடே கண்ணை மூடும். சாம்பி மட்டும் கிளையை உலுக்கினாள். கரடிக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று. காவலுக்கு உட்கார்ந்திருக்கும்போதும் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. படுத்தாலும் தொண்டை படுக்கவில்லை. பத்தே நாளில் எட்டையும் விழுங்கிவிட்டாள். எந்தக் குரலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று மான்களும் மந்திகளும் கேட்டுத் தெரிந்துகொண்டு "சபாஷ்!" என்றன.

ஒரு காலை, காட்டுப்பன்றியைப் பார்த்து நெருப்புக் குரல் கொடுத்தாள். எல்லாரும் குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பிறகு பன்றியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சாம்பியும் சிரித்தாள்.

எதிர்க்கரை மூங்கில் புதரில் ஏதோ அசைந்து நின்றது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மேலே ஒரு மூங்கில் இலைகூட ஆடவில்லை.

அவளுடைய தங்கை தவிட்டி மட்டும் சிரிக்கவில்லை. உச்சிக்கே ஏறி வந்தாள்.

"அக்கா, உன் கண்ணைப் பாத்தியா? செவந்து கெடக்கு. நீ போய்ப் படு. நான் கொஞ்ச நேரம் உட்கார்றேன்."

"ஓ! இடம் பிடிக்கவா?"

"இடமா? எனக்கு இங்க உட்கார்ந்தாலே தலை சுத்துது!"

"ரெண்டு குரல் தெரிஞ்சவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா! இறங்குடி!"

பல்லைக் காட்டிச் சீறினாள். தவிட்டி இறங்கிப் போனாள்.

அதற்கு மறுநாள். உச்சி வெயில். குளத்தில் ஒரு அலை இல்லை. மான்கள் மரத்தடி நிழலில் படுத்திருந்தன. தாழ்ந்த கிளையில் கொழுந்து தன் காலையே கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. கரிச்சான் பூச்சிக்காகக் காத்திருந்தது. சாம்பி ஒரு கையால் கிளையை உலுக்கிக்கொண்டே கீழே பார்த்தாள்.

புல் ஆடவில்லை. புல்லுக்குள் இருந்த நிழல் ஆடியது.

நிழலுக்குப் புள்ளிகள் இருந்தன.

சிறுத்தை! காரைப்புதருக்கு இரண்டே பாய்ச்சல் தூரத்தில், வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு வந்தது. சாம்பி வாயைத் திறந்தாள். பதினொரு குரல்களும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு ஓடி வந்தன. எது? எது இதற்கு?

"கிய்யோ!"

"ஐயையோ, அது ராசாளிக் குரலாச்சே!" என்று அலறிவிட்டுக் கரிச்சான் பறந்தே போய்விட்டது.

பொத்து! பொத்து! பொத்து! ஒவ்வொரு மந்தியாகக் கீழே குதித்தது. குதித்து, நேராகக் காரைப்புதரை நோக்கி, சிறுத்தையை நோக்கி ஓடியது. மான்கள் எழுந்து, நின்ற இடத்திலேயே கல்லாக நின்றன. கொழுந்தும் குதித்தது. அம்மா சொன்னதைச் சரியாகச் செய்த சந்தோஷம் அதன் முகத்தில் இருந்தது.

சாம்பி மறுபடி கத்தினாள். மறுபடியும் "கிய்..." என்றுதான் வந்தது! மூன்றாம் முறை வெறும் காற்றுதான் வந்தது. பிடித்த கிளையைக் கை விடவில்லை. மரத்தில் இருந்து இறங்கி ஓடவும் முடியவில்லை.

நடுக்கிளையில் தவிட்டி அப்போதுதான் ஒரு தூக்கம் தூங்கி விழித்திருந்தாள். குதிக்கப் போனவள் ஒரு கணம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் கண் வானத்தில் இல்லை. தரையில் இருந்தது. ராசாளி வந்தால் யாராவது தரையைப் பார்ப்பார்களா?

"கர்ரக்!" என்று காடே அதிரக் கத்தினாள் தவிட்டி. "கர்ரக்! கர்ரக்!"

மந்திகள் திரும்பி மரத்துக்குப் பாய்ந்தன. மான்கள் வெளியைப் பார்த்துப் பறந்தன. கொழுந்து மட்டும் எந்தக் குரலைக் கேட்பது என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டது. சிறுத்தை எழுந்தது. தவிட்டி மேலே இருந்தே குதித்தாள். குழந்தையை அள்ளினாள். அடிமரத்தில் ஏறினாள். சிறுத்தையின் பல் அவள் வாலில் விழுந்தது.

பாதி வால் அதன் வாயிலேயே போய்விட்டது.

சிறுத்தை அந்த வாலைக் கீழே போட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்து மேலே பார்த்தது.

"காவக்காரம்மா! இத்தனை நாள் நான் மரம் ஏற வேண்டியிருந்தது. இன்னைக்கு நீயே எல்லாரையும் இறக்கி விட்டே. ரொம்ப உபகாரம்!"

சிறுத்தை எதிர்க்கரையைத் திரும்பிப் பார்த்தது.

"பத்து நாளா மூங்கில்ல இருந்து பாக்குறேன். ஒரு மதியம்கூட நீ கண்ணை மூடலை. அப்படியே இரு. இன்னும் நாலு குரல் கத்துக்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

சிறுத்தை போய்விட்டது.

சாயங்காலம் எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். தவிட்டியின் வாலில் இருந்து இன்னும் ரத்தம் சொட்டியது. செம்புள்ளி முன்னால் வந்தது.

"போதும் சாம்பி. இறங்கிடு."

"இறங்கச் சொன்னா இறங்குறேன். ஆனா கேட்டுட்டுச் சொல்லு! தப்பு என்னுதுதான். என் வாயாலேயே என் புள்ளையைச் சிறுத்தைக்குக் கூப்பிட்டுக் குடுக்கப் பாத்தேன். இனி எத்தனை நாள் ஆனாலும் அது என் காதுல கேட்டுக்கிட்டேதான் இருக்கும். ஆனா மூணு குரல் தெரிஞ்சப்போ சபாஷ்ன்னீங்க. பதினொண்ணு ஆனப்போவும் சபாஷ்ன்னீங்க. 'தூங்குனியாடி'ன்னு ஒருத்தரும் கேக்கலை. கேட்டவ இவ ஒருத்திதான். இவளை நான் கடிக்கப் போனேன்."

சாம்பியே தொடர்ந்தாள்.

"பதினொண்ணையும் கத்த எனக்கு வாய் இருக்கு. ஆனா நான் சொல்றபடி நடக்கணும். உச்சி வெயில்ல தவிட்டி உட்காருவா. நான் படுப்பேன். யாரும் எழுப்பக் கூடாது. கத்துக்கிறதையும் விட மாட்டேன். காலையில கத்துப்பேன். ஒரு குரலைக் கத்துக்கிட்டு, தூங்கி எழுந்து, அது யோசிக்காம வந்தாத்தான் அடுத்தது!"

"இவளுக்கு ரெண்டு குரல்தானே தெரியும்?" என்றது செம்புள்ளி.

"இன்னைக்கு உன்னைக் காப்பாத்தினது எத்தனை குரலு?"

செம்புள்ளி காதை ஆட்டியது. "சரி, உச்சி வெயில் முழுக்கவா படுப்பே? பாதி நேரம் படேன்."

"முழுசும்! பாதித் தூக்கம் தூங்குறவ பாதிக் குரல்தான் குடுப்பா. உனக்கு அது போதுமா?"

செம்புள்ளி தலையை ஆட்டிச் சம்மதித்தது.

"என் பூச்சி?" என்று எங்கிருந்தோ கரிச்சானின் குரல் வந்தது.

"காலையில வாடா, ஓடிப்போன வீரா!"

மறுநாள் உச்சி வெயிலில் சாம்பி நடுக்கிளையில் படுத்தாள். கொழுந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் புள்ளிகள் தெரிந்தன. திறந்தாள். மேலே தவிட்டி பாதி வாலோடு, தலை சுற்றச் சுற்றக் கிளையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அன்று அவள் தூங்கவே இல்லை. அடுத்த நாள் கொஞ்சம் தூங்கினாள். மூன்றாம் நாள் கொழுந்து மூக்கைப் பிடித்து இழுத்தும் விழிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு பின்னேரத்தில், தூங்கி எழுந்து சாம்பி உச்சியில் உட்கார்ந்திருந்தாள். புல்லுக்குள் நிழல் ஆடியது. பயம் அதே பயம்தான். நெஞ்சு அதே மாதிரிதான் அடித்தது. ஆனால் எந்தக் குரல் என்று தேடும் முன்னால் வாய் திறந்துவிட்டது.

"கர்ரக்!"

மந்திகள் ஏறின. மான்கள் ஓடின. காரைப்புதர் காலியாக நின்றது. சிறுத்தை வெட்டவெளியில் தனியாக நின்று அண்ணாந்து பார்த்தது.

"தூங்குனியா?"

"தூங்குனேன்! இன்னைக்குக் காலையில கரடிக் குரலையும் சரியாப் பிடிச்சுட்டேன். அதையும் கேட்டுட்டுப் போறியா?"

சிறுத்தை திரும்பி மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. அது கண்ணை விட்டு மறையும்வரை சாம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொழிலில் புதிதாகக் கற்பதை ஒருநாளும் நிறுத்தாதே; ஆனால் ஓய்வைப் பறிகொடுத்துக் கற்றால், வேண்டிய நேரத்தில் பழைய வித்தையும் கைக்கு உதவாது.