ராஜாவுக்குச் சேர வேண்டிய முதல் மழை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, உவர்க்காடு என்கிற சீமையைக் கனகமாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அந்தச் சீமையில் எங்கே கிணறு வெட்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும், வாயில் வைக்க முடியாது.

அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. எது விளைந்தாலும் முதலாவது ராஜாவுக்கு. முதல் நெல், முதல் பூசணி, முதல் மாம்பழம் எல்லாம் அரண்மனைக்குப் போயாக வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதற்கென்றே தாண்டவராயர் என்று ஓர் அதிகாரி. வந்ததை ராஜாவுக்கு முன்னால் அவர் ஒரு வாய் ருசி பார்ப்பார். விஷம் கிஷம் இருந்தால் தெரிய வேண்டுமே! அந்தப் பெருமையில் மனுஷருக்குத் தரையில் கால் பாவாது.

செக்கடித் தெருவில் ஆவுடை என்று ஒருத்தி. ஓடு மாற்றுவாள், கொத்து வேலை செய்வாள். அவள் தன் வீட்டுக் கூரை ஓரத்தில் பனைமரத்தைக் குடைந்து தூம்பு வைத்தாள். அதிலிருந்து சுடுமண் குழாயை இறக்கி, கீழே சுண்ணாம்புக் காரை பூசிய தொட்டியில் விட்டாள். தொட்டி வாயில் மணலும் கரியும் பரப்பினாள். பெய்கிற மழையெல்லாம் தொட்டிக்குள்! வெயில் காலத்திலும் தெருவே அவள் வீட்டில்தான் குடிதண்ணீர் பிடித்தது.

ராஜா காதுக்கு இது எட்டியது. "பார்த்தீரா தாண்டவராயரே, ஒரு கொத்துவேலைக்காரிக்கு இருக்கிற மூளை! நாமும்தான் இருக்கிறோம், உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு!" என்றார். தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. நேரே போய்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மறுநாளே ஆவுடையைச் சபையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"மகாராஜா! இவள் குழாயில் ஒரு கிளைக்குழாய் வைத்து, அதற்கு ஒரு தக்கையும் போட்டிருக்கிறாள். மழை தொடங்கியதும் தக்கையைப் பிடுங்கி, முதலில் வருகிற தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறாள். முதலாவது யாருக்குச் சேர வேண்டியது? தங்களுக்கு!"

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என் மழையைச் சாக்கடையிலா விட்டாய்? இன்றைக்கே அந்தத் தொட்டியை உடையுங்கள்!"

ஆவுடைக்குத் திக்கென்றது. தொட்டி போனால் அத்தனை வீட்டுக் குழந்தைகளும் எதைக் குடிக்கும்? "மகாராஜா, அது கூரை கழுவின..." என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடு!" என்று பாய்ந்தார் தாண்டவராயர். "முதல் மழை அமிர்தம்! அதன் அருமை உனக்கு என்ன தெரியும்?"

"அமிர்தமாங்க ஐயா?"

"சாட்சாத் அமிர்தம்!"

ஆவுடை கையெடுத்துக் கும்பிட்டாள். "தப்புதான் மகாராஜா. என் வீட்டு ஓட்டுத் தண்ணி தங்களுக்கு எதுக்கு? அரண்மனைக் கூரைக்கே குழாய் வச்சுத் தர்றேன். இந்த வருஷத்து முதல் மழையைச் சொட்டு விடாம தங்க கையில குடுக்கிறேன். அப்புறம் தொட்டியை உடைக்கச் சொல்லுங்க."

"பேஷ்! அப்படியே செய்!" என்றார் ராஜா. கோபம் அதற்குள் போய்விட்டது.

ஆவுடை கூரை மேல் ஏறினாள். ஏழு மாதமாக மழையே இல்லை. தாண்டவராயர் கம்பு இறைத்துச் செல்லமாக வளர்க்கிற முந்நூறு புறாவும் அங்கேதான் குடித்தனம். ஓடு தெரியாத அளவுக்கு எச்சம். அதில் ஒரு விரல்கூட வைக்காமல் குழாயைப் பொருத்திவிட்டு இறங்கினாள்.

ஆறாம் நாள் கொட்டியது மழை. சபை கூடியிருக்க, வெள்ளிச் செம்பு நிறைய வந்தது முதல் தண்ணீர். "கொண்டா, கொண்டா!" என்று ராஜா கையை நீட்டினார்.

"மகாராஜா, முறைன்னு ஒண்ணு இருக்குங்களே. ஐயா முதல்ல ருசி பார்க்கணும்."

"அதானே! வாரும் தாண்டவராயரே."

தாண்டவராயர் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். பச்சையும் கறுப்புமாக ஒரு குழம்பு. மேலே ஒரு இறகு, செத்த வண்டு ஒன்று. நாற்றமோ மூக்கைத் துளைத்தது.

"மகாராஜா, இன்று எனக்கு ஏகாதசி விரதம்..."

"ஏகாதசி நேற்றே போய்விட்டது."

"தொண்டையில் கொஞ்சம் சளி..."

"அமிர்தம் குடித்தால் சளி நிற்குமா? ம், குடியும்!"

செம்பை உதடு வரை கொண்டுபோனார் பாவம். கண் பிதுங்கியது. அப்படியே கீழே வைத்துவிட்டுக் காலில் விழுந்தார். "மகாராஜா! இது அமிர்தம் இல்லை. புறா எச்சம்!"

"அப்படியா? இதை என்ன செய்ய வேண்டும்?"

"சாக்கடையில் விட வேண்டும், மகாராஜா" என்று முனகினார் தாண்டவராயர்.

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குள் மழை கூரையை நன்றாகக் கழுவியிருந்தது. ஆவுடை இன்னொரு செம்பு பிடித்து வந்தாள். ராஜா குடித்தார். கண்ணாடி மாதிரி தண்ணீர். "அடடா! தண்ணீருக்கு இப்படி ஒரு ருசியா? உன் தொட்டியை இனி எவனும் தொடக்கூடாது ஆவுடை. தெருவுக்குத் தெரு தொட்டி கட்டு. மழை தொடங்கும்போதெல்லாம் வீடு வீடாகப் போய்த் தக்கையைப் பிடுங்குவது தாண்டவராயர் பொறுப்பு!"

ஆவுடைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஆனால் ராஜா என்னமோ யோசனையில் இருந்தார்.

"ஆவுடை, முதலில் வருவது எல்லாமே இப்படித்தானா? மாம்பழம்கூடவா?"

அவள் தயங்கினாள். "முதல்ல விழுறது வண்டு குத்தி வெம்பி விழுற பழம் மகாராஜா. நல்லது பத்து நாள் கழிச்சுத்தான் பழுக்கும்."

ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாற்பது வருஷமாக மாம்பழம் என்றாலே புளிக்கும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்! ஊரெல்லாம் இதற்கு ஏன் பறக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லையே!"

பிறகு மந்திரியைக் கூப்பிட்டார். "இந்தச் சீமையில் இனி எது விளைந்தாலும் முதலாவது தாண்டவராயர் வீட்டுக்கு. எனக்கு மூன்றாவது போதும்."