இரண்டு கையிலும் டீ

“ஐம்பத்தேழு பேரைக் காலேஜ்ல சேர்த்துவிட்டேன் டீச்சர். தை மாசம் போய் விசாரிச்சா இருபத்திமூணு பேர்தான் இருக்காங்க. மத்தவங்க எல்லாம் வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. ஏன்?”

கேட்டவர் குலசேகரன், சிலம்பனூர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

எதிரே இருந்தவர் ஜமீலா, காட்டாற்றுப்பட்டி அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை. அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் அனுப்பிய பிள்ளைகள் கல்லூரியிலிருந்து பாதியில் திரும்புவதில்லை என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு.

“என்னவெல்லாம் செஞ்சீங்க சார்?” என்று கேட்டார் ஜமீலா.

“என்ன செய்யல? பேனர் வச்சேன். வாராவாரம் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பேச வச்சேன். நர்ஸு, இன்ஜினீயர், கப்பல்ல வேலை பார்க்கறவர். வீடு வீடாப் போய் அப்பா அம்மா கால்ல விழாத குறை.”

பேசிக்கொண்டே சுவரில் சாய்ந்து தொங்கிய வரைபடத்தை நேராக்கினார்.

“அது பிள்ளைங்க மாட்டினது சார்.”

“கோணலா இருந்தது.”

“ஆமா.”

அவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். உடனே யாரையோ அழைத்தார்.

“பொன்னுச்சாமி, எழுதிக்கோங்க. நாலு, ஒன்பது, ஒண்ணு, ஒண்ணு, ஏழு, ரெண்டு. சீக்கிரம் அடிங்க, பத்து நிமிஷம்தான்.”

“யாரோட ஓடிபி?” என்றார் ஜமீலா.

“எங்க பிள்ளைங்களோடது. இந்த வருஷ விண்ணப்பம் போயிட்டிருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட முடியுது. எல்லா ஃபாரத்துலயும் என் நம்பர்தான்.” கொஞ்சம் பெருமையோடு சொன்னார். “நானும் எங்க கெமிஸ்ட்ரி சார் பொன்னுச்சாமியும்தான் நிரப்பறோம். ஒரு எழுத்து தப்பு இருக்காது.”

ஜமீலா அலமாரியிலிருந்து பிளாஸ்கை எடுத்தார்.

“காளீஸ்வரின்னு ஒரு பொண்ணு டீச்சர். போன வருஷம் ஐந்நூத்தி நாற்பது மார்க். ஒரு மாசத்துல திரும்பிட்டா. இப்போ டவுன்ல ஜவுளிக்கடையில சேலை மடிக்கிறா. போய்க் கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா?”

“சொல்லுங்க.”

“‘ஹாஸ்டல்ல ஒரு ஃபாரம் குடுத்து நாளைக்குள்ள நிரப்பித் தரச் சொன்னாங்க சார். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பக்கத்துல இல்லையே’ன்னா. ஒரு ஃபாரத்துக்காக யாராவது காலேஜை விட்டுட்டு வருவாங்களா?”

ஜமீலா அவரையே பார்த்தார்.

“இந்த வருஷம் சங்கவின்னு ஒருத்தி. அவளும் காளீஸ்வரி மாதிரியே கெட்டிக்காரி. அவளும் அந்தக் கடைக்குப் போயிடக்கூடாது டீச்சர். அதுக்கு என்ன வழி? நீங்க இங்க என்ன திட்டம் வச்சிருக்கீங்க? எழுதிக் குடுங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடறேன்.”

“டீ குடிக்கிறீங்களா சார்?”

“டீ இருக்கட்டும். வழி சொல்லுங்க.”

ஜமீலா பிளாஸ்கைத் திறந்து ஒரு கண்ணாடிக் கிளாஸில் விளிம்புவரை ஊற்றினார். “இதைப் பிடிங்க.”

குலசேகரன் வலது கையில் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு கிளாஸிலும் விளிம்புவரை ஊற்றினார். “இதையும்.”

இடது கையில் வாங்கிக்கொண்டார். “இது உங்களுக்கா? எங்க வைக்க?”

“வைக்க வேண்டாம். பிடிச்சுக்கோங்க.”

அப்போது வாசலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். ஆறாம் வகுப்பு. பள்ளியில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பெயர் எஸ்தர்.

“டீச்சர், ஸ்கிப்பிங் கயிறு வேணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக.”

ஜமீலா ஒரு தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தார். அச்சடித்த படிவம். பெயர், வகுப்பு, பொருள், எதற்காக, திருப்பித் தரும் நாள், கையெழுத்து.

“கயித்துக்கு ஃபாரமா?” குலசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. “நம்ம ஆபீஸ்ல இருக்கறவங்களைவிட மோசமா இருக்கீங்களே டீச்சர்.”

எஸ்தர் நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். பெயரை எழுதினாள். வகுப்பை எழுதினாள். பொருள் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

குலசேகரனின் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது.

“கயிறுன்னு போடும்மா…”

“டீ சிந்துது சார்,” என்றார் ஜமீலா.

சூடாக விரலில் வழிந்தது. நிமிர்ந்துகொண்டார்.

எஸ்தர் கயிறு என்று எழுதினாள். எதற்காக என்ற இடத்தில் ‘குதிக்க’ என்று எழுதினாள். திருப்பித் தரும் நாள் என்ற இடத்தில் தன் பிறந்தநாளை எழுதினாள்.

“ஐயோ, அது இல்ல…”

“சார், டீ.”

மறுபடி சுட்டது.

போன் அதிர்ந்தது. எடுக்கக் கை இல்லை.

“டீச்சர், அது சங்கவியோட ஓடிபியாத்தான் இருக்கும். இதைக் கொஞ்சம் வாங்கிக்கோங்க.”

ஜமீலா கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வைக்கலாம் என்று பார்த்தால், மேசை முழுக்கப் படிவங்கள். கிழிந்தவை, அடித்துத் திருத்தியவை, மை கொட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் கோணல் கையெழுத்து.

எஸ்தர் படிவத்தை நீட்டினாள். ஜமீலா வாங்கிப் படித்தார்.

“போன ஏப்ரல்ல திருப்பித் தரேன்னு எழுதியிருக்கே. அதுக்கு இனி எப்படிப் போறது?”

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். அந்தத் தாளை மேசைக் குவியலில் போட்டுவிட்டு, கேட்காமலே புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. குலசேகரனின் கால்கள் இருந்த இடத்திலேயே மாறி மாறி நின்றன. நெற்றியில் வியர்வை. துடைக்கவும் வழி இல்லை.

இந்த முறை எஸ்தர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். கடைசியில் நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஜமீலா பார்த்துவிட்டுக் கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.

எஸ்தர் ஓடினாள். வராந்தாவிலேயே குதிக்கத் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது.

“டீ குடிங்க சார்.”

“ஆறிப்போச்சு,” என்றார் குலசேகரன்.

“ஆமா.”

அவர் இரண்டு கிளாஸையும் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஓடிபியின் நேரம் முடிந்திருந்தது. பொன்னுச்சாமி ஐந்து முறை அழைத்திருந்தார்.

“போச்சு! சங்கவியோடது மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? வழி கேட்டா இப்படியா?”

“அடுத்த பஸ் பன்னெண்டு இருபதுக்கு சார்,” என்றார் ஜமீலா.

கோபத்தோடுதான் கிளம்பினார். முதல் பஸ்ஸில் கோபம் இருந்தது. இரண்டாவது பஸ்ஸில் ஒரு ஜவுளிக்கடையைத் தாண்டிப் போனபோது, ஜன்னல் பக்கம் திரும்பாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஆசிரியர்களைக் கூப்பிட்டார்.

“இனிமே எந்தப் பிள்ளையோட ஃபாரத்தையும் நாம நிரப்ப வேண்டாம்.”

பொன்னுச்சாமி எழுந்துவிட்டார். “நாளைக்குக் கடைசி நாள் சார்! தப்புத் தப்பா அடிப்பாங்க. நூறு சதவீதம்னு மேலிடத்துக்குச் சொல்லியிருக்கோம்.”

“அடிக்கட்டும்.”

“சங்கவிக்குக் கிடைக்கலன்னா?”

குலசேகரன் எழுந்து வெளியே போனார். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை. மணி நாலே கால்.

கணினி அறையில் சங்கவி மட்டும் மிச்சம் இருந்தாள். இரண்டு முறை அடித்து, இரண்டு முறையும் ஏதோ விட்டுப்போய், மூன்றாம் முறையாக ஆரம்பித்திருந்தாள். பொன்னுச்சாமி கடிகாரத்தையும் தலைமையாசிரியரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், இன்னும் முக்கால் மணி நேரம்தான். நான் உக்காந்தா நாலு நிமிஷம்.”

“தெரியும். நான் உக்காந்தா மூணு.” கீபோர்டு பக்கம் நீண்ட கையைக் குலசேகரன் இழுத்துக்கொண்டார். “எனக்கு ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க.”

“ரெண்டா? இன்னொண்ணு யாருக்கு?”

“நிறைய ஊத்தச் சொல்லுங்க.”

டீ வந்ததும் ஒன்றை வலது கையிலும் ஒன்றை இடது கையிலும் வாங்கிக்கொண்டு சங்கவியின் பின்னால் போய் நின்றார். பொன்னுச்சாமி அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

“சார், உங்க நம்பர் சொல்லுங்க,” என்றாள் சங்கவி. “போன் நம்பர் கேக்குது.”

“உங்க வீட்ல போன் இல்லையா?”

“இருக்கு சார். அம்மாவோடது. பட்டன் போன். இன்னைக்கு நான்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். ஆனா அம்மாவுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாதே.”

“உனக்குத் தெரியுமே.”

சங்கவி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவின் எண்ணை அடித்தாள்.

குலசேகரன் தன் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் அசைவே இல்லை.

மேசையில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த பட்டன் போன் கீச்சென்றது.

“சார், வந்துடுச்சு! சொல்லட்டுமா? ஆறு…”

“என்கிட்ட எதுக்குச் சொல்றே? கீழே என்ன எழுதியிருக்கு, படி.”

அவள் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். “யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கு.”

“அப்புறம்?”

சங்கவி போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவர் பார்க்க முடியாதபடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முதுகால் திரையை மறைத்து உட்கார்ந்து, எண்களை ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினாள்.

கிளாஸ் இரண்டும் ஆடவில்லை.