ஏகாம்பரம் சாரின் வில்வ மரம்

ஏகாம்பரம் சார் முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவர். ஓய்வு பெற்றதும், தீட்சை வாங்க வேண்டும் என்று ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தின் குரு உண்ணாமுலை அம்மை. பத்தாம் வகுப்பில் சாரிடமே படித்தவர். ஓயாமல் கேள்வி கேட்டு சாரின் உயிரை வாங்கியவர். "எல்லாம் புத்தகத்துல இருக்கு, உட்காரு" என்பதுதான் சார் அப்போது சொன்ன பதில்.

இப்போது சார் அவரை 'அம்மா' என்றார். அம்மை அவரை இன்னும் 'சார்' என்றுதான் அழைத்தார்.

"தீட்சைக்கு இங்க ஒரே ஒரு நியமம்தான் சார். ஒரு வருஷம், தினமும், உங்க கையால பறிச்ச வில்வத்தைச் சாமிக்குப் போடணும்."

"ஆகட்டும்மா."

"மரத்தைக் காட்டச் சொல்லட்டுமா?"

"நல்லா இருக்கே! வில்வத்தை எனக்குக் காட்டணுமா?"

அரை மணி நேரத்தில் துண்டு நிறைய இலையோடு திரும்பினார். ஓடைக்கரையில் மரம் நிற்கிறது, ஒரு காம்பில் மூன்று இலை, சந்தேகமே இல்லை என்றார். மடத்தில் சமைக்கும் சோமையா எட்டிப் பார்த்தார்.

"சார், அது வந்து..."

"ஏகிள் மார்மிலோஸ்" என்று வில்வத்தின் தாவரவியல் பெயரைச் சொன்னார் சார்.

சோமையா அடுப்படிக்கே போய்விட்டார். அம்மை ஓர் இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லிங்கத்தின் மேல் வைத்தார்.

அன்று தொடங்கிய சார் ஒரு நாள் தவறவில்லை. ஐப்பசி மழையில் ஓடை முழங்கால் அளவு ஓடியபோதும் போனார். காய்ச்சலில் போர்வையோடு போனார். மாசியில் மரம் மொட்டையானது. முன்பே பறித்துக் காயவைத்திருந்ததைக் கழுவிப் போட்டார். வில்வத்துக்கு அந்தச் சலுகை உண்டு.

பங்குனி பிறந்தது. உத்திரத்துக்கு ஐந்து நாள். உத்திரத்தன்று தீட்சை.

அன்று காலை தளிர் விட்டிருக்கிறதா என்று பார்க்கப் போன சார் ஓடைக்கரையில் அப்படியே நின்றுவிட்டார்.

மரம் முழுக்கப் பூ. ஒரே கொத்தில் வெள்ளையும் இளமஞ்சளும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு பூவிலிருந்தும் பூனை மீசை மாதிரி நீளநீளமாக மகரந்தக் கேசரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தேனீக்கள் மொய்த்தன. இவ்வளவு அழகை அவர் அறுபது வயதில் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. வில்வம் இப்படிப் பூக்காது.

அதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று மரத்தை மூன்று தடவை சுற்றி வந்தார். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் கன்னியம்மா மந்தையை ஓட்டிக்கொண்டு போனாள். சார் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இது என்ன மரம்? எனக்குத் தெரியலை."

"இன்னா சார் நீங்க! மாவிலங்கம். தினம் வந்து பறிக்கிறீங்களே, தெரிஞ்சுதான் பறிக்கிறீங்கன்னு இருந்தேன்."

அவள் போய்விட்டாள். சார் ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்தார். ஒரு வருடம் போச்சு. சொன்னால் தீட்சை கிடையாது, மறுபடி முதலிலிருந்து. சொல்லாவிட்டால் ஐந்தே நாள். பஞ்ச வில்வம் என்று ஐந்து மரங்களைச் சொல்கிறார்களே, அதில் மாவிலங்கமும் ஒன்றுதானே என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. நியமத்தில் வில்வம் என்றுதானே இருந்தது என்று அவரே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டார்.

வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

அம்மை கிணற்றடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஒரு வருஷமா போட்டது வில்வம் இல்லை. மாவிலங்கம்."

"பூத்துடுச்சா!" அம்மை குடத்தை வைத்துவிட்டுக் கொத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எவ்வளவு அழகு சார்!"

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

சாருக்குக் கோபம் வந்தது. "சொல்லியிருக்கலாமே?"

"ஏகிள் மார்மிலோஸ்னு சொன்னீங்களே. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

சாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு சிரிப்பும் வந்தது.

"சாமிக்கு ஒரு வருஷமா தப்பான இலை போட்டுட்டேனேம்மா."

"அவர் ஒண்ணும் சொல்லலையே."

அம்மை பூவை முகர்ந்தார். "இது மாவிலங்கம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? புத்தகத்துல பார்த்தீங்களா?"

"இல்லம்மா. கன்னியம்மாவைக் கேட்டேன்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

"எனக்குத் தெரியலை, இது என்ன மரம்னு கேட்டேன்."

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகம் சாருக்கு ஞாபகம் வந்தது.

"நாளையிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்" என்றார் சார். "இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. வில்வ மரம் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்கம்மா."

அம்மை கையை நீட்டினார். கிணற்றை ஒட்டி ஒரு முள்மரம். சார் தினமும் குளித்துவிட்டுத் துண்டைக் காயப்போடும் மரம். முள் கிழித்துவிட்டது என்று வருடத்தில் நாலு துண்டுக்காகச் சோமையாவிடம் புலம்பிய மரம். காய்ந்துகொண்டிருந்த ஈரத் துண்டுக்கு மேலே, மூன்று மூன்றாகப் புதுத் தளிர் விட்டிருந்தது.

சார் கிட்டே போய் ஒரு தளிரைத் தொட்டுப் பார்த்தார்.

"துண்டை எடுத்துடுங்க சார்" என்றார் அம்மை. "இந்த உத்திரத்தன்னிக்கு உங்க தீட்சைக்கு அதுலேர்ந்துதான் இலை பறிக்கணும்."