நாலு ஓலைக்கு நடுவே ஒரு கடலைக்கொல்லை

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருந்ததாம். பெயர் கேட்காதீர்கள், கேட்டால் கதை நகராது. அந்த ஊரிலே செவந்தி என்று ஒருத்தி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அவளுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு கடலைக்கொல்லை.

ஒரு நாள் ராஜா முரசு அறைவித்தார். “இனிமேல் நிலத்தை யாரும் வாங்கலாம், யாரும் விற்கலாம். என் ஆள் வந்து அளப்பான். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, நாலு எல்லையும் ஓலையிலே சரியாக இருந்தால் நிலம் உனக்கு. ஒன்று விட்டுப்போனாலும் எனக்கு!” ராஜா இல்லையா, தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளாமல் சட்டம் போடுவாரா?

உடனே பண்ணையார் அம்பலவாணர் செவந்திக்குக் கிழக்கே வாங்கினார், அப்புறம் மேற்கே வாங்கினார், அப்புறம் வடக்கே, தெற்கே. விற்றவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். உளுந்து வடைக்கு நடுவிலே ஓட்டை மாதிரி செவந்தி நின்றாள். சிரிக்காதீர்கள், அவள் சிரிக்கவில்லை.

“கொல்லையை எனக்கு வித்துடு.”

“மாட்டேங்க.”

“கூடத் தர்றேன்.”

“மாட்டேங்க.”

“வழியை அடைச்சுடுவேன்!”

“அடைச்சுக்குங்க. மாட்டேங்க.”

அப்புறம் ராஜாவின் அளவைக்காரர் சங்கிலியோடு வந்தார். பண்ணையார் முந்திக்கொண்டார். “எல்லாம் என் நிலந்தானுங்க. நடுவிலே கொல்லையாவது கில்லையாவது! இவ என் கூலியாள். இவளுதுன்னா ஓலை எங்கே?”

“ஓலை இருக்காம்மா?” என்றார் அளவைக்காரர்.

“இல்லீங்க. என் மாமனார் முள்ளு வெட்டித் திருத்தின மண்ணு. யாருகிட்டயும் வாங்கலை, ஓலை ஏது?”

“சாட்சி?”

“எல்லாரும் வித்துட்டுப் போயிட்டாங்களே.”

அளவைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனசை வைத்துக்கொண்டு நிலம் அளக்க முடியுமா? பண்ணையார் பெயரை எழுத எழுத்தாணியை எடுத்தார்.

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஐயா, எழுதுறதுக்கு முன்னாடி இவரோட நாலு ஓலையையும் உரக்கப் படிங்க. ஒவ்வொரு கிரயத்துக்கும் பக்கத்து நிலத்துக்காரின்னு என்னைத்தானே கூப்பிட்டு எல்லையிலே நிறுத்தினாங்க!”

படித்தார். கிழக்கு நிலத்து ஓலையிலே, “இதற்கு மேற்கே செவந்தி கொல்லை.” மேற்கு நிலத்து ஓலையிலே, “இதற்குக் கிழக்கே செவந்தி கொல்லை.” வடக்கு நிலத்து ஓலையிலே, “இதற்குத் தெற்கே செவந்தி கொல்லை.” நாலாவதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், எல்லாம் நானேவா சொல்வது?

“அந்த வரியை அடிச்சுடுங்க!” என்று குதித்தார் பண்ணையார்.

“அடிச்சுடலாமே,” என்றார் அளவைக்காரர். “அப்புறம் நாலு நிலத்திலேயும் ஒவ்வொரு எல்லை விட்டுப்போயிடும். நாலும் ராஜாவுக்கு. எழுதட்டுமா?”

“ஐயையோ! இருக்குங்க, செவந்தி கொல்லை இருக்குங்க!”

“எனக்குக் கேட்டாப் போதுமா? நாலு மூலையிலேயும் நின்னு ஊருக்குச் சொல்லும்.”

உச்சி வெயிலிலே, தொப்பையைத் தூக்கிக்கொண்டு, சங்கிலியின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு, மூலைக்கு மூலை நின்று கத்தினார் அம்பலவாணர். “இது செவந்தி கொல்லை!” தப்புச் சொன்னதற்கு அபராதமாக, அவருடைய தெற்கு வயலைப் பிளந்து செவந்திக்கு வண்டிப்பாதையும் விட்டுக் கல் நட்டார்கள்.

அப்புறம் செவந்திக்கும் ஒரு ஓலை எழுதினார் அளவைக்காரர். கிழக்கே அம்பலவாணர், மேற்கே அம்பலவாணர், வடக்கே அம்பலவாணர், தெற்கே அம்பலவாணர். இல்லை என்று சாதித்தவரே நாலு பக்கமும் சாட்சி!

அவளுக்குக் கடலை, அவருக்குத் தொண்டைக்கட்டு, உங்களுக்குக் கதை. சாப்பிட்டது போதும், எழுந்து போய்க் கை கழுவுங்கள்.